திங்கட்கிழமை நிற்கும் வேன்

நாற்கரச் சாலையின் நடுவில், வண்டிகள் திரும்புவதற்காகத் தடுப்புச் சுவரில் விட்டிருந்த திறப்பில் எங்கள் பள்ளி வேன் நின்றுபோனது. மூக்கு எதிர்ச்சாலையைத் தொட்டுவிட்டது. பின்பாதி நாங்கள் வந்த சாலையிலேயே நீட்டிக்கொண்டிருந்தது.

கூட்டேரிப்பட்டுக்குச் சற்று முன்னால். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வண்டி எதுவும் அந்த இடத்தில் வேகம் குறைப்பதில்லை. உள்ளே பத்தொன்பது பிள்ளைகள். நான் தினமும் போய்வருவதும் அந்த வேனில்தான்; பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற பொறுப்பும் அந்த வாரம் எனக்கு.

டிரைவர் ஏழுமலை சாவியைத் திருப்பினார். இன்ஜின் கரகரத்தது, பிடிக்கவில்லை. இன்னொரு முறை. அதே கரகரப்பு. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். வண்டி நிற்பது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

ஏழுமலை திரும்பி என்னைப் பார்த்தார். "டீச்சர், புள்ளைங்கள எறக்குங்க. ஜல்தி. இந்தப் பக்கம் வேணாம், நடுவுல எறக்குங்க."

அவர் குதித்து இறங்கிப் பின்பக்கம் ஓடினார். போட்டிருந்த காக்கிச் சட்டையைக் கழற்றி, வருகிற வண்டிகளுக்கு எதிரே நின்று வீச ஆரம்பித்தார். நான் கதவைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையாகத் தடுப்புச் சுவர் ஓரத்து அரளிச் செடிகளுக்குள் இறக்கினேன். பதினேழு பேர் இறங்கிவிட்டார்கள். பதினெட்டாவது பிள்ளையைத் தூக்கும்போது பிரேக் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. டயர் தீய்ந்த வாடை மட்டும் இன்னும் மூக்கில் இருக்கிறது.

லாரிக்காரர் முடிந்தவரை ஒடித்துவிட்டார். வேனின் பின்மூலையில் உரசியதோடு போயிற்று. உள்ளே மிச்சமிருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சீட்டிலிருந்து விழுந்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மற்ற யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

கால் மணி நேரம் கழித்து, போலீஸ்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னபோது, ஏழுமலை சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. எதுவுமே நடக்காததுபோல் உறுமிக்கொண்டு நின்றது.

கூடியிருந்தவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். அந்த நிமிடத்திலேயே ஏழுமலை குற்றவாளி ஆகிவிட்டார்.

நான் போட்ட கையெழுத்து

இந்தத் தொடரில் இதுவரை பிறர் எனக்குச் செய்ததைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். வாசகர்களாகிய நீங்கள் கடிதம் போட்டு ஆறுதலும் சொல்லியிருக்கிறீர்கள். இந்த வாரம் நான் ஒருவருக்குச் செய்ததை எழுதுகிறேன். எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தில் எனக்கு உரிய பங்கையும் நான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை பள்ளி அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் தனசேகர் ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்தார். தாளாளர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வரி. நடுவில் ஒரு வரி இப்படி இருந்தது: 'ஓட்டுநர் வாகனத்தை அலட்சியமாக இயக்கியதையும், வழியில் வேண்டுமென்றே பலமுறை நிறுத்தியதையும் நான் நேரில் கண்டேன்.'

வேண்டுமென்றே என்பதை எப்படி நேரில் காண முடியும்? ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பார்த்தது வேறு, அதிலிருந்து ஊகிப்பது வேறு என்று கரும்பலகையில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டுகிறவள். ஒரு வார்த்தை கேட்டேன்: அவர் வேண்டுமென்று நிறுத்தியதாக எனக்குத் தெரியாதே சார் என்றேன். தனசேகர் சிரித்தார். வொர்க்‌ஷாப்பில் இரண்டு முறை காட்டியாயிற்று, வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார், அப்புறம் நிற்கிறது என்றால் யார் நிறுத்துவது என்று கேட்டார். டீசல் எடுக்கத்தான் நிறுத்துகிறான், அவன் தெருப் பக்கத்து ஆட்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா என்றார்.

தாளாளர் தலை நிமிரவில்லை. அந்தச் சொல் அவர் காதில் விழாதது போலவே உட்கார்ந்திருந்தார்.

அப்போது எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. பிள்ளை எலும்பு முறிந்து கிடக்கிறது, பெற்றோர்கள் கேட்டில் நிற்கிறார்கள், கூடப்போன டீச்சர் என்ன செய்தாள் என்று கேள்வி வந்தால் என்ன சொல்வது என்று பயந்தேன். கையெழுத்துப் போட்டேன்.

அன்று மதியமே ஏழுமலையை நிறுத்திவிட்டார்கள். பதினோரு வருடம் அந்த வேனை ஓட்டியவர். முந்தின நாள் வெற்று மார்போடு லாரிக்கு முன்னால் நின்றவர். பெற்றோர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் படம் சுற்றியது. அடுத்த வாரம் அவருடைய மகள், எங்கள் பள்ளியிலேயே ஏழாம் வகுப்பு படித்தவள், பையை எடுத்துக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போய்விட்டாள். டீசல் திருடன் மகள் என்று யாரோ நோட்டில் எழுதி வைத்தார்களாம்.

விழுப்புரத்தில் ஒரு மயக்கம்

எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

விழுப்புரத்தில் கல்லூரி விடுதியில் இருந்தபோது எனக்குத் திடீர் திடீரென்று மயக்கம் வரும். சாப்பாட்டு வரிசையில் வரும், குளியலறையில் வரும். டாக்டரிடம் கூட்டிப்போனால் வராது. அங்கே நான் சிரித்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாடி சரியாக இருக்கும். இரண்டு முறை அப்படி ஆனதும் வார்டன் முடிவு கட்டிவிட்டார்: இந்தப் பெண் நடிக்கிறாள், ஊருக்குப் போக வழி தேடுகிறாள். மூன்றாவது முறை நான் விழுந்தபோது, எழுந்திரு போதும் என்றார். அந்தக் குரல் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

கடைசியில் அவர் கண் முன்னாலேயே மாடிப்படியில் உருண்டு நெற்றியில் நாலு தையல் போட்ட பிறகுதான் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். உடம்பில் ரத்தமே இல்லை என்று அந்த டாக்டர் வார்டனைத் திட்டினார்.

வந்து வந்து போகிற நோய்க்கு ஒரு சாபம் உண்டு. காட்ட வேண்டிய இடத்தில் அது ஒளிந்துகொள்ளும். அப்புறம் நோயாளிதான் பொய்க்காரன். எந்த வண்டியும் அப்படித்தான். எந்த நேரமும் ஓடாத வண்டியைச் சரிசெய்வது சுலபம். எப்போதாவது நிற்கிற வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், மெக்கானிக் முன்னால் அது சமர்த்தாக ஓடும்.

இதெல்லாம் தெரிந்தவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

புது டிரைவர், பழைய கதை

ஏழுமலைக்குப் பதிலாக பாலு என்று ஒருவரைப் போட்டார்கள். தனசேகரின் சொந்த ஊர்க்காரர். நல்ல மனிதர், நன்றாகவும் ஓட்டினார். இரண்டாவது வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் மயிலம் சாலையில் வேன் இழுக்காமல் திணறியது. இரண்டு முறை குலுங்கியது. நின்றுவிட்டது.

பாலு இறங்கிப் பார்த்தார். பேட்டரி வயரை ஆட்டினார். கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தார். ஓடியது.

நான் சீட்டில் உட்கார்ந்தபடியே இருந்தேன். பிள்ளைகளில் ஒருத்தி, பாலு அண்ணனும் டீசல் எடுக்கிறாரா மிஸ் என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மறுநாள் தனசேகரிடம் சொன்னேன். புது ஆள், வண்டி பழக நாலு நாள் ஆகும் என்றார். ஏழுமலை நிறுத்தினால் திருட்டு. பாலு நிறுத்தினால் பழக்கமில்லாமை. அதே வண்டி, அதே சாலை, அதே குலுக்கல்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் செல்போனை எடுத்தேன். வேன் நிற்கும்போதெல்லாம் என் கணவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுவது வழக்கம்: 'வேன் நின்னுடுச்சு, லேட்டாகும்.' ஜூன் மாதத்திலிருந்து அந்தச் செய்திகளைத் தேடி எடுத்துப் பழைய நோட்டு ஒன்றில் எழுதினேன். பதினான்கு முறை. எதிரே கிழமையைக் குறித்தேன்.

திங்கள் மாலை. திங்கள் மாலை. செவ்வாய் காலை. திங்கள் மாலை. பக்கம் முழுக்க அதுதான். புதன், வெள்ளி என்று ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு வியாழக்கிழமை இருந்தது. அது எந்த வாரம் என்று யோசித்தேன். ஐப்பசி மழைக்குத் திங்கள் முதல் புதன் வரை விடுமுறை விட்ட வாரம். அந்த வாரத்தில் வேனுக்கு வியாழன்தான் திங்கட்கிழமை.

டீசல் திருடுகிறவன் கிழமை பார்த்தா திருடுவான்?

வாசலில் நின்றது

ஏழுமலையின் வீடு மயிலம் பக்கம் ஒரு காலனியில். நோட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் மனைவி அஞ்சலை வாசலில் முறத்தில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கதவை மறித்து நின்றார்.

"இன்னாத்துக்கு வந்துக்கினு கீறீங்க? இன்னொரு கையெழுத்து போடவா?"

நான் வெயிலில் நின்றேன். உள்ளேயிருந்து ஏழுமலைதான் வந்து, உட்காருங்க டீச்சர் என்று ஒரு ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டார். அஞ்சலை திரும்பவும் முறத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் புடைக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

கிழமைகளைக் காட்டினேன். ஏழுமலை நோட்டை வாங்கி விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு உடம்பு பற்றி எரிந்தது.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகுதான் வேனுக்கு டீசல் போடுவார்கள். தனசேகரே கூட வந்து டேங்க் நிறைய போடுவார். போன கோடை விடுமுறையில், யாரோ டீசல் எடுக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, டேங்க் மூடியை மாற்றிப் பூட்டு வைத்த மூடி ஒன்றைப் போட்டார்கள். சாவி தனசேகர் டிராயரில். வண்டி நிற்க ஆரம்பித்தது அந்த ஜூனில்தான். ஏழுமலைக்கு டேங்க் பக்கம்தான் கோளாறு என்று பட்டிருக்கிறது. போய்க் கேட்டிருக்கிறார்.

"சாவி குடுங்க சார், நின்ன ஒடனே டேங்க்கத் தொறந்து பாக்கணும்னு கேட்டேன் டீச்சர். பாத்தியா, சாவி கேக்கறான்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னாரு. அத்தயும் எம் பேர்ல எழுதி ஃபைல்ல வெச்சிக்கினாரு."

கோளாறைக் கண்டுபிடிக்கக் கேட்ட சாவி, திருட்டுக்கு ஆதாரமாகிவிட்டது. அந்த ஃபைலை நம்பித்தான் தாளாளர் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

நசீர் பாய் சொன்னது வேறு

அடுத்து விழுப்புரம் போனேன். வேனைப் பார்த்த வொர்க்‌ஷாப் அங்கேதான். நசீர் பாய் என்று ஒருவர். கை முழுக்கக் கரி, காதில் பென்சில். வண்டியில் கோளாறே இல்லை என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் ஒரு மனிதரின் வேலை போயிற்று என்று ஆரம்பித்தேன். சண்டை போடத்தான் போயிருந்தேன்.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நான் அப்பிடிச் சொல்லலம்மா. இன்னிக்கு ஒண்ணும் தெரியல, நிக்கிற அன்னிக்குக் கொண்டாங்கன்னு சொன்னேன்."

ஃபில்டரை மாற்றியிருக்கிறார், பம்ப்பைப் பார்த்திருக்கிறார், வயரிங் பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் வேன் வந்தது சனிக்கிழமை. பள்ளி இல்லாத நாள். சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். புதுச்சேரி ரோட்டில் வளவனூர் வரை ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு குலுக்கல்கூட இல்லை. 'இன்றைக்குத் தெரியவில்லை' என்று அவர் சொன்னது திண்டிவனம் வந்து சேர்வதற்குள் 'கோளாறே இல்லை' ஆகிவிட்டது.

நோட்டைக் காட்டினேன். திங்கட்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். டீசல் போடுவார்கள் என்றேன். நிறையவா என்றார். நிறைய என்றேன். கொஞ்சம் யோசித்து, டேங்க் மூடி எப்படி இருக்கும் என்று கேட்டார். பூட்டு மூடி என்றதும் அவர் முகம் மாறியது. அந்த மூடியைத் திறந்ததே இல்லை என்றார். சனிக்கிழமை வேன் வரும்போது சாவி வராது.

அப்புறம் அவர் விளக்கினார். இன்ஜின் டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கிறது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். இந்த மாதிரி பழைய வண்டியில் அந்தக் காற்றுக்கு வழி மூடியில்தான், ஊசி நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை. ஓட்டை இல்லாத மூடியைப் போட்டு இறுக்கினால் டேங்க் மூச்சு முட்டும். இன்ஜின் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. நிறுத்திவைத்தால் எங்கேயாவது ஒரு இடுக்கு வழியாகக் காற்று மெல்ல உள்ளே கசியும். கால் மணி நேரத்தில் திரும்பவும் ஓடும்.

"டேங்க்ல பாதி காலியா இருந்தா உள்ள காத்து நெறைய இருக்கும், தாங்கும். ஃபுல்லா போட்டீங்கன்னா காத்துக்கே எடம் கம்மி. கொஞ்சம் டீசல் எறங்கினாலே இழுத்துப் புடிச்சிக்கும்."

அதனால்தான் திங்கட்கிழமை. அதனால்தான் சனிக்கிழமை சமர்த்து.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டால் எண்ணெய் ஏன் சரியாக ஊற்றுவதில்லை என்பது ஒவ்வொரு வருடமும் நான் வகுப்பில் கேட்கிற கேள்வி. இன்னொரு துளை போட வேண்டும் என்று கடைசி பெஞ்சுப் பிள்ளைகூடச் சொல்லும். ஆறு மாதமாக அந்தக் கேள்வியின் மேல் உட்கார்ந்துதான் நான் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வந்திருக்கிறேன். டேங்க் என் சீட்டுக்குக் கீழேதான் இருந்தது.

திருடுகிறான் என்ற சந்தேகத்தில் போட்ட பூட்டு வண்டியை நிறுத்தியது. வண்டி நின்றதால் திருடுகிறான் என்றார்கள். ஒரு பிள்ளையின் எலும்பை முறித்தது அந்தப் பூட்டு.

மூடியைத் திறந்தபோது

நிரூபிக்க வேண்டுமே. நின்ற உடனே மூடியைத் திறக்கச் சொன்னார் நசீர் பாய். சாவிக்கு என்ன செய்வது என்று நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். தனசேகரிடம் கேட்டால் என் பேரிலும் ஒரு ஃபைல் போடுவார்.

திங்கட்கிழமை பாலுவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். அவர் சாதாரணமாக இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். டேங்க் சாவியும் அதில் இருந்தது. வந்த மூன்றாம் நாளே தனசேகர் கொடுத்துவிட்டாராம், இனிமே டீசல் நீயே போட்டுக்கோ என்று.

பதினோரு வருடம் ஓட்டியவர் கேட்டபோது கிடைக்காத சாவி. மூன்று நாளில், கேட்காமலே. இதை எழுதும்போதுகூட என் பேனா காகிதத்தைக் கிழிக்கப் பார்க்கிறது.

அன்று மாலை வேன் கூட்டேரிப்பட்டைத் தாண்டிச் சர்வீஸ் ரோட்டில் குலுங்கியது. பாலு ஓரமாகவே ஓட்டி வந்ததால் புளியமரத்தடியில் நிறுத்த முடிந்தது. இரண்டு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தார், பிடிக்கவில்லை. நான் செல்போனில் வீடியோவைப் போட்டுவிட்டு, மூடியைத் திறங்க பாலு என்றேன்.

சாவியைத் திருப்பி மூடியை இளக்கியதும் உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். வெளியே வருகிற காற்று இல்லை, உள்ளே போகிற காற்று. மூடியை ஏதோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது, பாலு கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள் எல்லாரும் மூடியையே எட்டிப் பார்த்தார்கள்.

பாலு போய்ச் சாவியைத் திருப்பினார். இரண்டு கரகரப்பு, இன்ஜின் பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் இல்லை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பாலு இறங்கி வந்து அந்த மூடியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "பாவம் மிஸ் அந்த ஆளு" என்றார். மிச்ச தூரம் மூடிக்குப் பதில் டேங்க் வாயில் ஒரு துணியைச் சுற்றிவைத்து ஓட்டினார். வண்டி நிற்கவில்லை.

விடுங்க மேடம்

வீடியோவைத் தாளாளரிடம் காட்டினேன். முழுவதும் பார்த்தார். தனசேகரைக் கூப்பிட்டுக் காட்டினார். தனசேகர் பார்த்துவிட்டு, மூடி விற்ற கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் சார் என்றார். அன்றைக்கே புது மூடி போட்டார்கள். அதோடு முடிந்தது அவர்களுக்கு.

ஏழுமலை, என்றேன். தாளாளர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான வியப்பு இருந்தது. வண்டிதான் சரியாகிவிட்டதே, அதை ஏன் கிளறுகிறீர்கள், விடுங்க மேடம் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நான் விடவில்லை. முதலில் விட்டதற்குப் பரிகாரமாக அல்ல, அந்த முகத்தைப் பார்த்த பிறகு விட முடியவில்லை. வீடியோவைப் பெற்றோர் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: ஏழுமலை வண்டியை வேண்டுமென்று நிறுத்தவில்லை. டீசல் எடுத்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நான் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் பொய்.

ஐந்து நிமிடத்தில் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. எலும்பு முறிந்த பிள்ளையின் அப்பா, அன்றைக்குக் கேட்டில் நின்று ஏழுமலையை அடிக்கப் பாய்ந்தவர், மறுநாள் அதே கேட்டில் வந்து நின்றார். இந்த முறை தனசேகரைக் கேட்டார். அவரோடு இன்னும் ஏழெட்டுப் பேர்.

எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. எழுதிக் கொடுத்தேன். வருட முடிவில் வர வேண்டாம் என்றார்கள். சரி என்றேன். இப்போது வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன்.

ஏழுமலையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. புதுச்சேரி பக்கம் செங்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளி வண்டி, ஆஸ்பத்திரி வண்டி என்று எங்கே போய்க் கேட்டாலும் அந்த வாட்ஸ்ஆப் படம் அவருக்கு முன்னால் போய் நின்றிருக்கிறது. வேலை வேண்டாம், தன் மேல் தப்பில்லை என்று லெட்டர்பேடில் எழுதித் தந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு கடிதத்துக்கு எத்தனை நடை. தாளாளர் ஊரில் இல்லை, முத்திரை இல்லை, வக்கீலைக் கேட்க வேண்டும். கடைசியில் அந்தப் பிள்ளையின் அப்பாவும் நானும் அலுவலக வாசலில் அரை நாள் உட்கார்ந்த பிறகு வாங்கினோம். மூன்றே வரி. சம்பவம் வாகனத்தின் இயந்திரக் கோளாறு காரணமாக நிகழ்ந்தது, ஓட்டுநரின் தவறு ஏதுமில்லை என்று இருந்தது. பூட்டைப் பற்றியோ சாவியைப் பற்றியோ டீசலைப் பற்றியோ ஒரு எழுத்து இல்லை.

தேதி

அதை நானே எடுத்துக்கொண்டு போனேன். ஏழுமலை இரண்டு முறை படித்தார். டீசல் பத்தி ஒண்ணும் போடலயே டீச்சர் என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அதை நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாள் வாங்கி, அங்கேயே ஸ்டூலில் வைத்து எழுதினேன். அன்றைக்கு நடந்தது, சட்டையைக் கழற்றி லாரிக்கு முன்னால் நின்றது, பூட்டு மூடி, அவர் சாவி கேட்டது, மேனேஜர் சொன்னது எல்லாம் எழுதினேன். முடிவில், நான் நேரில் காணாததைக் கண்டதாகச் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்திட நேர்ந்தது என்று எழுதி என் பெயரைப் போட்டேன்.

ஏழுமலை அதை அஞ்சலையிடம் கொடுத்தார். அவர் பத்தாவது வரை படித்தவர். முற்றத்து வெளிச்சத்துக்குப் போய் நின்று மேலிருந்து கீழ் வரை படித்தார். நான் எழுந்து நின்றேன், ஏன் என்று தெரியாது.

படித்து முடித்து என்னிடம் வந்தார். கடைசி வரியில் விரல் வைத்தார்.

"நேர்ந்துச்சுன்னா இன்னா அர்த்தம் டீச்சர்? அது தானா நடந்துச்சா?"

வேலை போகும் என்று தெரிந்தே உண்மையைச் சொன்னவள், தாளாளரை எதிர்த்தவள், அரை நாள் வாசலில் உட்கார்ந்தவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்திருந்தது. அந்த விரல் நகர்கிற வரைக்கும் நான் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாளை வாங்கினேன். 'கையெழுத்திட நேர்ந்தது' என்பதை அடித்தேன். மேலே எழுதினேன்: கையெழுத்துப் போட்டேன்.

அஞ்சலை வாங்கித் திரும்பவும் படித்தார். கீழே தேதி போடச் சொன்னார். போட்டேன்.